செய்திக்கு யாரிடம் காசு கொடுக்கலாம்? கட்சி டிவி, கம்பெனி டிவி, பேப்பர், சந்தா இதழ்: ஒரு ஒப்பீடு

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: “நடுநிலையான சேனல் எது சார்? அதை மட்டும் பார்த்துக்கிறேன்.” அப்படி ஒன்று கிடையாது என்று சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள், இவர் எந்தக் கட்சியோ என்று. நிஜமாகவே கிடையாது. ஆனாலும் கேள்வி நியாயமானது. கேபிளுக்கும் பேப்பருக்கும் நெட்டுக்கும் மாதாமாதம் நம் பணம்தான் போகிறது, அதற்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும்.

நான் பார்க்கும் முறை இதுதான். ஒரு சேனலோ பேப்பரோ என்ன சொல்கிறது என்பதை வைத்து எடைபோடுவதில்லை, எந்தச் செய்தியைப் போட்டால் அதன் முதலாளிக்குக் கையைச் சுடும் என்று முதலில் யோசிப்பேன். அந்தச் செய்தி அங்கே வராது, வந்தாலும் உள்பக்கத்தில் மூன்று வரியாக வரும். எல்லா முதலாளிக்கும் அப்படி ஒரு ‘போடாதே’ பட்டியல் இருக்கிறது. சிலருடைய பட்டியல் ஊருக்கே தெரியும், சிலருடையது யாருக்கும் தெரியாது. தெரிந்த பட்டியலோடு குடித்தனம் நடத்திவிடலாம், தெரியாததோடுதான் கஷ்டம். இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டில் ஒரு சாதாரண வீட்டுக்கு முன்னால் இருக்கும் வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கட்சி சேனல்

கட்சி ஊடகம் என்றதும் முகம் சுளிக்கும் பழக்கம் நம் ஊருக்குச் சரிப்படாது. இங்கே கட்சிகள் வளர்ந்ததே பத்திரிகை நடத்தித்தான். பெரியாரின் குடிஅரசு 1925இல் வந்தது. கம்யூனிஸ்டுகளின் ஜனசக்தி 1937இல். அண்ணாவின் திராவிட நாடு, கருணாநிதியின் முரசொலி இரண்டும் 1942இல். இவற்றை வாங்கியவர்கள் யாரும் நடுநிலையைத் தேடி வாங்கவில்லை, கட்சி என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள வாங்கினார்கள். இன்றைக்கும் தீக்கதிர் வாங்குகிறவர் அது மார்க்சிஸ்ட் கட்சியின் பேப்பர் என்று தெரிந்துதான் வாங்குகிறார். அதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை.

டிவி வந்ததும் கதை கொஞ்சம் மாறியது. 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியபோது அது சினிமாவும் பாட்டும் போடும் சேனல்தான், முதலாளி திமுகவின் முரசொலி மாறனுடைய மகன் என்பது கூடுதல் தகவல். 1999இல் ஜெயா டிவி வந்தது. அதற்கப்புறம் பாமக பக்கம் மக்கள் டிவி, தேமுதிக பக்கம் கேப்டன் டிவி, காங்கிரஸ்காரர்களில் தங்கபாலு பக்கம் மெகா டிவி, வசந்தகுமாருக்கு வசந்த் டிவி என்று ஆளுக்கொன்று ஆகிவிட்டது. கொடி, சின்னம், டிவி என்ற மூன்றும் இருந்தால்தான் கட்சி என்று ஒரு காலம் இருந்தது.

இந்தச் சேனல்களின் பலம், பலவீனம் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் 2001 ஜூன் 30ஐ எடுத்துக்கொள்ளலாம். மேம்பாலம் கட்டியதில் ஊழல் என்ற வழக்கில் கருணாநிதியை நள்ளிரவு தாண்டி வீட்டுக்குள் புகுந்து கைது செய்தார்கள். சன் டிவியின் கேமரா அங்கே இருந்தது. எழுபத்தேழு வயது மனிதரைப் போலீசார் பிடித்து இழுக்க, அவர் அலற, அந்தக் காட்சியை அவர்கள் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள், வீட்டு வீட்டுக்கு டிவி முன்னால் ஆட்கள் அழுதார்கள். ஜெயா டிவிக்கு மாற்றினால் வேறு படம். அதில் மத்திய அமைச்சர்களாக இருந்த முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் போலீசாரோடு மல்லுக்கு நின்றார்கள், கடமையைச் செய்யவந்தவர்களைத் தடுத்தார்கள் என்பது அங்கே செய்தி. அதே வீடு, அதே இரவு. எதிர்த்தரப்பு படத்தை வெட்டி ஒட்டிவிட்டது என்று இரண்டு பக்கமும் சொன்னது. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எதை நூறு தடவை போடுவது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு ரிமோட்டை வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தவருக்கு ஏறக்குறைய முழு இரவும் கிடைத்தது. ஒன்றை மட்டும் பார்த்தவருக்குப் பாதி கிடைத்தது. ஒரு கட்சி சேனல் மறைப்பதை இன்னொரு கட்சி சேனல் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து கொட்டும், அதுதான் அதன் வேலை. அதனால் ஜோடியாகப் பார்த்தால் அவை பயன்படும், தனியாகப் பார்த்தால் பயன்படாது என்பது என் கட்சி.

அப்புறம் இன்னொரு சிக்கல். கட்சி சேனல் என்று வாய் வார்த்தையாகச் சொல்கிறோம், சட்டப்படி அது ஒரு குடும்பத்தின் கம்பெனி. கட்சிக்கும் குடும்பத்துக்கும் லடாய் வந்தால் சேனல் குடும்பத்தோடு போய்விடும். இது தமிழ்நாட்டில் இரண்டு தடவை நடந்திருக்கிறது.

முதல் தடவை 2007இல். அதற்கு இரண்டு வருடம் முன்னால் சன் குழுமம் வாங்கியிருந்த தினகரன் நாளிதழ், கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று ஒரு கருத்துக்கணிப்பு போட்டது. ஸ்டாலினுக்கு 70 சதவீதம், அழகிரிக்கு 2 சதவீதம். மே 9ஆம் தேதி மதுரை தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டது, தீவைப்பில் மூன்று ஊழியர்கள் செத்துப்போனார்கள். ஆட்சியில் இருந்தது திமுக, தாக்கியவர்கள் அழகிரி ஆதரவாளர்கள் என்று குற்றச்சாட்டு, அடிபட்டது கருணாநிதியின் சகோதரி மகன் முரசொலி மாறனுடைய குடும்பத்தின் பத்திரிகை. கீழ் கோர்ட்டில் எல்லோரும் விடுதலையாகி, 2019இல்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தாக்குதல் நடந்த 2007 மே மாதமே சன் முதலாளியின் தம்பி தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியை விட்டார், சன் டிவியில் திமுக செய்தி குறைந்தது, அதே வருடம் செப்டம்பர் 15இல், அண்ணா பிறந்தநாளில், கலைஞர் டிவி உதயமானது. பதினான்கு வருடம் கட்சிக்காரர்கள் “நம்ம டிவி” என்று சொல்லிக்கொண்டிருந்தது நம்ம டிவி இல்லை என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. 2008 கடைசியில் குடும்பம் சேர்ந்துகொண்டது, அது வேறு கதை.

இரண்டாவது தடவை ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு. ஜெயா டிவியும் நமது எம்ஜிஆர் நாளிதழும் சசிகலா குடும்பத்தின் கையில் இருந்தன. 2017இல் எடப்பாடி பழனிசாமியும் பன்னீர்செல்வமும் ஒன்றுசேர்ந்தபோது அவற்றை மீட்போம் என்று தீர்மானமே போட்டார்கள், மீட்க முடியவில்லை. ஆட்சியில் இருக்கும் கட்சியின் முதல்வரை ‘அம்மா’வின் டிவியே திட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் 2018இல் நமது அம்மா என்று ஒரு பேப்பரும் நியூஸ் ஜெ என்று ஒரு சேனலும் புதிதாகத் தொடங்கவேண்டி வந்தது.

ஆக, கட்சி சேனலின் ‘போடாதே’ பட்டியல் நமக்குத் தெரியும், ஆனால் அந்தப் பட்டியலை எழுதுவது கட்சியா குடும்பமா என்பது ஒரு சண்டை வரும்வரை தெரியாது.

கம்பெனி டிவி

கட்சி சேனல்கள் சலித்துப்போய் ஜனங்கள் போன இடம் இது. 2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை வந்தபோது உண்மையிலேயே புதுக் காற்றுதான். கட்சிக்காரர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும் விவாதம், மாவட்டத்திலிருந்து நேரலை, எந்தத் தலைவரையும் அடைமொழி போடாமல் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, இதெல்லாம் அப்போது நமக்குப் பழக்கமில்லாத விஷயங்கள். மறு வருடம் தினத்தந்தி குழுமம் என்டிடிவி ஹிந்து சேனலை வாங்கித் தந்தி டிவி ஆக்கியது. 2016இல் நியூஸ் 18 தமிழ்நாடு.

இங்கே முதலாளிகள் யார்? புதிய தலைமுறை, எஸ்ஆர்எம் கல்விக் குழும நிறுவனர் பாரிவேந்தரின் குடும்பத்தோடு சேர்ந்தது. அவர் 2010இல் இந்திய ஜனநாயகக் கட்சி என்று ஒரு கட்சியும் தொடங்கினார். பெரம்பலூரில் 2014இல் பாஜக கூட்டணி, 2019இல் திமுக கூட்டணியில் உதயசூரியன் சின்னத்தில் நின்று எம்பி, 2024இல் தாமரைச் சின்னத்தில் நின்று தோல்வி. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. அந்தச் செய்தியறையில் நல்ல நிருபர்கள் நிறையப் பேர் வேலை பார்த்திருக்கிறார்கள், முதலாளியின் கூட்டணி மாறும்போதெல்லாம் சேனல் அப்படியே திரும்பிவிட்டது என்றும் நான் சொல்லமாட்டேன். என் பிரச்சினை வேறு. ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாநில அரசு, மத்திய அரசு இரண்டின் தயவும் வேண்டும், நிலம் வேண்டும், அனுமதி வேண்டும், கோர்ட்டில் சாதகம் வேண்டும். அப்போது தனியார் கல்லூரிக் கட்டணம் பற்றிய ஒரு விசாரணைக் கட்டுரை அந்தச் சேனலில் வருமா என்று பார்க்கிறவர் யோசிக்க வேண்டும். எத்தனை பேர் யோசிக்கிறோம்? கலைஞர் டிவியைப் பார்க்கும்போது தானாக வரும் எச்சரிக்கை இங்கே வருவதில்லை, ஏனென்றால் திரையில் கொடி இல்லை.

நியூஸ் 18 விஷயம் இன்னும் பெரிது. அது முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸ் 2014இல் கைப்பற்றிய நெட்வொர்க் 18இன் கிளை. பெட்ரோல், போன், மளிகைக்கடை, சினிமா என்று அந்த வீட்டுக்கு இல்லாத தொழில் இல்லை, அதனால் ‘போடாதே’ பட்டியல் எவ்வளவு நீளம் என்று வெளியிலிருந்து கணக்குப் போடவே முடியாது. 2020 ஜூலையில் ஒரு யூடியூபர், தமிழ்ச் செய்திச் சேனல்களில் திராவிட இயக்கச் சார்புள்ளவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பெயர் பெயராகக் குற்றம்சாட்டி வீடியோ போட்டார். அந்த மாத முடிவில் நியூஸ் 18 தமிழ்நாட்டின் ஆசிரியர் குணசேகரன் வெளியே வந்துவிட்டார். பிற்பாடு அவர் சேர்ந்தது சன் நியூஸ். இதில் யார் பக்கம் நியாயம் என்று அவரவர் அரசியலுக்குத் தகுந்தபடி சொல்வார்கள். எனக்கு அதில் கிடைத்த பாடம் சின்னது: திரையில் தெரியும் முகங்களுக்கும் காசோலையில் கையெழுத்துப் போடுகிறவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. என்டிடிவியில் 2022 நவம்பர் கடைசியில் நடந்ததும் அதேதான். பங்குகள் அதானி குழுமத்துக்குப் போனதும் நிறுவனர் பிரணாய் ராய் அதன் புரமோட்டர் கம்பெனியின் இயக்குநர் பதவியை விட்டார், அடுத்த நாளுக்குள் அதன் பிரபல செய்தியாளர் ரவீஷ் குமாரும் சேனலைவிட்டு விலகினார். சேனலின் பெயரும் லோகோவும் அப்படியேதான் இருந்தன.

இந்த இடத்தில் வயரைப் பற்றியும் பேசியாக வேண்டும். சேனல் யாருடையது என்று பார்ப்பவர்கள் கேபிள் யாருடையது என்று பார்ப்பதில்லை. ரொம்ப வருடம் சென்னையில் கேபிள் என்றாலே சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன்தான். 2006இல் திமுக இலவச கலர் டிவி கொடுத்தபோது, பெட்டி அரசுக் காசில், மாதச் சந்தா யாருக்கு என்று எதிர்க்கட்சிகள் கிண்டலடித்தன. 2007 குடும்பச் சண்டையில் அதே திமுக அரசு அரசு கேபிள் நிறுவனத்தைத் தொடங்கியது, குடும்பம் சேர்ந்ததும் அது தூங்கிப்போனது. 2011இல் ஜெயலலிதா வந்து அதை எழுப்பி மாதம் 70 ரூபாய் என்று அறிவித்தார். மக்களுக்கு நல்ல விலை, சந்தேகமில்லை. கூடவே, எந்தச் சேனல் எந்த நம்பரில் வரும், வராமல் போகும் என்ற சுவிட்சும் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 2018இல் கோவையில் நடந்த வட்டமேசை விவாதத்துக்காகப் புதிய தலைமுறை மீது போலீஸ் வழக்குப் போட்டது, அதே சமயத்தில் அரசு கேபிளில் அந்தச் சேனல் தூரத்து நம்பருக்குத் தள்ளப்பட்டது என்று புகார். அப்போது அதிமுக ஆட்சி. 2025 அக்டோபரில், கரூர் நெரிசல் சாவுகளுக்குப் பிறகு, அதே சேனல் அரசு கேபிளில் தெரியவில்லை என்று மறுபடி புகார். இந்தத் தடவை திமுக ஆட்சி. ஆட்சி மாறும், சுவிட்ச் அங்கேயேதான் இருக்கும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதையெல்லாம் சொல்லாமல் இல்லை. அரசியல் கட்சிகளும் அரசாங்கங்களும் ஒளிபரப்புத் தொழிலில் இருக்கக்கூடாது என்று 2008இல் சொன்னது, 2012இல் சொன்னது, 2014 ஆகஸ்டில் விரிவாகவே எழுதிக் கொடுத்தது, தொழில் நிறுவனங்கள் சேனல் வைத்துக்கொள்வதற்கும் கட்டுப்பாடு வேண்டும் என்றது. எந்த ஆட்சியும் அதைச் சட்டமாக்கவில்லை. யார் ஆக்குவார்கள்?

நாளிதழ்

பேப்பருக்கு டிவிக்கு இல்லாத ஒரு குணம் உண்டு: முதலாளி யார் என்று அதுவே அச்சடித்துச் சொல்ல வேண்டும். 1956இல் வந்த விதிகள்படி (2024இல் அவற்றின் இடத்துக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன) வருடா வருடம் பிப்ரவரி முடிந்ததும் ஒரு அறிக்கை போடவேண்டியிருந்தது, ‘படிவம் 4’ என்று தலைப்பு இருக்கும். உள்பக்கம் ஒன்றில், வரன் விளம்பரத்துக்கும் டெண்டர் நோட்டீசுக்கும் நடுவில், பொடி எழுத்தில் கிடக்கும். வெளியாகும் இடம், அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் என்று வரிசையாகப் போய் கடைசியில் உரிமையாளர்கள், மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் யார் யார் என்று வரும். ஒருவர் கையெழுத்து, “நான் அறிந்தவரை உண்மை” என்ற மாதிரி ஒரு உறுதிமொழி. பழைய மார்ச் மாத பேப்பர் கையில் இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன்னால் அதைத் தேடிப் பாருங்கள். உள்ளே இருக்கும் பெயர்கள் அண்ணன் தம்பியா, அறக்கட்டளையா, இன்னொரு கம்பெனியா என்பது மட்டும் தெரிந்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

நம் பேப்பர்களின் பூர்வீகம் எல்லாமே அரசியல்தான். தினத்தந்தியை 1942இல் மதுரையில் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் நாம் தமிழர் இயக்கம் நடத்தியவர், 1967இல் திமுக ஜெயித்தபோது சட்டப்பேரவைத் தலைவர் ஆனவர், பிறகு அமைச்சர். தினமலர் 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது, கன்னியாகுமரிப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கைக்கு அது குரல் கொடுத்தது. தினமணி 1934இல் பாரதி நினைவுநாளில் தேசிய இயக்கப் பத்திரிகையாகப் பிறந்தது. தந்தியைப் படித்துத்தான் நம் தாத்தாக்களில் பலர் எழுத்துக் கூட்டவே பழகினார்கள். அதற்கு ஈடாக அந்தப் பேப்பர் பெரும்பாலும் ஆளும்கட்சி எதுவானாலும் அதோடு மல்லுக்கட்டாமல் போய்விடும், இது டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தினமலரில் இந்துத்துவப் பக்கம் ஒரு சாய்வு உண்டு என்பதும் ஊருக்குத் தெரிந்ததே, அவர்களும் அதை ரொம்ப மறைப்பதில்லை.

குடும்பச் சொத்து என்பதால் வரும் வேடிக்கைகளும் உண்டு. 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளிக் காலை உணவுத் திட்டத்தைப் பற்றிக் கழிப்பறையை இழுத்து எழுதிய ஒரு தலைப்போடு தினமலரின் ஈரோடு, சேலம் பதிப்பு வந்தது. முதல்வர் கண்டித்தார், ஊரே கொதித்தது. உடனே மற்ற பதிப்புகளின் தரப்பிலிருந்து விளக்கம்: அந்தப் பதிப்பு குடும்பத்தின் வேறு கிளை தனியாக நடத்துவது, எங்களுக்குச் சம்பந்தமில்லை. ஒரே பெயர், ஒரே எழுத்துரு, கடையில் கேட்டால் ஒரே “தினமலர் கொடுங்க”. ஆனால் நீங்கள் எந்த ஊரில் வாங்குகிறீர்களோ அதைப் பொறுத்து முதலாளி வேறு. இதை வாசகர்களில் எத்தனை பேர் அதற்கு முன் அறிந்திருப்பார்கள்?

பேப்பரின் ‘போடாதே’ பட்டியலை அதன் விளம்பரங்களைப் பார்த்தே எழுதிவிடலாம். நீங்கள் கொடுக்கும் விலை தாள் செலவுக்கே பத்தாது. மீதி அரசு விளம்பரம், நகைக்கடை, ஜவுளிக்கடை, ரியல் எஸ்டேட், தனியார் ஆஸ்பத்திரி, ஜூன் மாதத்தில் கல்லூரி. முதல்வர் பிறந்தநாளுக்கும் ஆட்சியின் ஆண்டுவிழாவுக்கும் வரும் முழுப்பக்க விளம்பரங்களை எண்ணிப் பார்த்தால் எந்தப் பேப்பரும் எந்த ஆட்சியோடும் ஏன் முழுசாக முறைத்துக்கொள்வதில்லை என்று தெரியும். மத்திய அரசும் இதே ஆயுதத்தை வைத்திருக்கிறது. 2009 தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு வேட்பாளர் புகழை செய்தியாகவே போட்ட விவகாரத்தை பிரஸ் கவுன்சிலின் துணைக் குழு தோண்டி எடுத்து எழுதியது, அந்த அறிக்கையை முழுசாக வெளியிடவே கவுன்சில் தயங்கியது.

மாவட்ட அளவில் இன்னும் பச்சையாகத் தெரியும். தாலுகா நிருபர்களில் நிறையப் பேருக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். பொங்கல் மலருக்கு யாரிடம் கால் பக்க விளம்பரம் கேட்டாரோ அவருடைய மணல் லாரியைப் பற்றி மறுவாரம் எப்படி எழுதுவார்?

இவ்வளவு சொன்ன பிறகும் காசு கொடுக்க வேண்டியது பேப்பருக்குத்தான் என்று நினைக்கிறேன். காரணம் ஏழாம் பக்கம். எந்த ரோட்டுக்கு டெண்டர் விட்டார்கள், எந்தக் குளம் தூர்வாரப்பட்டது, கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் யார் மண்ணெண்ணெய் கேனோடு வந்தார், நகராட்சிக் கூட்டத்தில் எந்தக் கவுன்சிலர் வெளிநடப்பு செய்தார், இதெல்லாம் வேறு எங்கேயும் கிடைக்காது. டிவிக்கு உங்கள் ஊர் தேவைப்படுவது வெள்ளம் வந்தால், கொலை விழுந்தால், தலைவர் வந்தால் மட்டும்தான். அப்புறம், அச்சில் வந்தது அப்படியே இருக்கும். நேற்று என்ன எழுதினார்கள், ஆட்சி மாறியதும் என்ன எழுதினார்கள் என்று எடுத்துக் காட்டலாம். டிவி ஸ்க்ரோலில் ஓடியதை யாரிடம் போய்க் காட்டுவது?

அரசுத் தொலைக்காட்சி

இதை வேகமாகத் தாண்டிவிடலாம். பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்புக்கு 1990இல் சட்டம் வந்து 1997இல் அமலானது, தன்னாட்சி மட்டும் வரவில்லை. டெல்லியில் யார் ஆட்சியோ அவர்கள் குரல்தான் செய்தி. 2024 தேர்தல் நேரத்தில் டிடி நியூஸ் லோகோ காவியானதும் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. பொதிகையாக இருந்து டிடி தமிழ் ஆனதில் விவசாய நிகழ்ச்சி, கச்சேரி பார்க்கலாம். அகில இந்திய வானொலியின் மாநிலச் செய்தி ஒன்றை மட்டும் நான் ஒதுக்கமாட்டேன், அலறல் இல்லாமல் சுருக்கமாக முடித்துவிடுவார்கள், புயல் நேரத்தில் அது பெரிய விஷயம்.

சந்தா இதழும் ஓசி யூடியூபும்

வாசகர் கட்டும் காசில் ஓடும் இதழில் என் அளவுகோல்படி ஒரு நல்ல விஷயம் இருக்கிறது: நாம் நிறுத்தினால் அவர்களுக்கு வலிக்கும். விளம்பரத்தில் வாழும் பேப்பருக்கு என் சந்தா தூசு. விகடன், இந்து தமிழ் திசை போன்றவை இணையத்தில் பூட்டுப் போட்டுச் சந்தா கேட்க ஆரம்பித்தபோது நிறையப் பேர் திட்டினார்கள், “செய்திக்குமா காசு?” என்று. எனக்கு அது வரவேற்க வேண்டிய விஷயமாகத்தான் பட்டது.

ஆனால் வாசகர் பணம் இருந்தால் போதும் என்று நினைத்துவிடக்கூடாது. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது, எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டு நாளில் விட்டார்கள். அன்றைக்கு ஒரு ஆளைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், கடைகளில் இதழ் இருந்தது. 2025 பிப்ரவரியில், மோடி கை விலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கேலிச்சித்திரத்துக்காக விகடனின் இணையதளமே முடங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் மார்ச்சில், படத்தை எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்றது. காசு கட்டிய வாசகர்களுக்கு அத்தனை நாளும் கதவு சாத்தியிருந்தது, யாரும் கைதாகவில்லை. அச்சு இதழுக்கு இல்லாத பலவீனம் இது: ஒரு உத்தரவில் பழையது புதியது எல்லாம் சேர்ந்து மறைந்துவிடும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். வாசகர்தான் முதலாளி என்றால் வாசகருக்குப் பிடிக்காததும் ‘போடாதே’ பட்டியலில் சேரும். சந்தாதாரர்கள் பெரும்பாலும் ஒரு பக்கச் சிந்தனை உள்ளவர்களாக இருந்துவிட்டால் ஆசிரியர் அவர்களைச் சங்கடப்படுத்துவதற்கு ரொம்ப யோசிப்பார்.

யூடியூப் அரசியல் விமர்சகர்கள் விஷயத்தில் இது பத்து மடங்கு. அங்கே முதலாளி யார் என்று எந்தப் படிவமும் இல்லை. யார் ஸ்டூடியோ போட்டுக் கொடுத்தார், யார் கேமரா வாங்கிக் கொடுத்தார், தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னால் ஏன் திடீரென்று பேச்சு மாறியது, எதுவும் தெரியாது. “சொல்லப்படாத உண்மை” என்று தலைப்பு வைத்து நாற்பது நிமிடம் பேசுகிறவருக்கு ஒரு நிருபர்கூடக் கிடையாது, காலையில் வந்த பேப்பரை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். அதைப் பேப்பரிலேயே ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். கேட்கச் சுவாரசியமாக இருக்கும், மறுக்கவில்லை. சமையல் செய்துகொண்டே கேட்பதற்குச் சரி, ஓட்டுப் போடுவதற்கு முன்னால் நம்புவதற்கு இல்லை.

சரி, முடிவாக என்ன செய்யலாம்?

உங்கள் மாவட்டச் செய்தியை நன்றாகப் போடும் ஒரு நாளிதழை வாங்குங்கள், இதுதான் முதல் செலவு. எந்தப் பேப்பர் என்பதை உங்கள் ஊர்ப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், முதல் பக்கத்தைப் பார்த்து இல்லை. வீட்டில் எல்லோரும் ஒரே கட்சி அபிமானிகள் என்றால் அவர்களுக்குப் பிடிக்காத பேப்பரையே போடச் சொல்லுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பார்கள், அப்புறம் திட்டிக்கொண்டே வரி விடாமல் படிப்பார்கள்.

இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் இரண்டாவது செலவு ஒரு சந்தா இதழ். படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடு என்றால் இதை முதல் செலவாகவே வைத்துக்கொள்ளலாம், அவர்கள் பேப்பரைத் தொடப்போவதில்லை.

கேபிள் பேக்கில் செய்திச் சேனல்கள் எப்படியும் வரும், அதற்கென்று தனியாகக் காசு ஏற்றிக் கட்ட வேண்டாம். மழை, வெள்ளம், ஓட்டு எண்ணிக்கை என்றால் கம்பெனி டிவி, ஏனென்றால் களத்தில் ஆள் வைத்திருப்பவர்கள் அவர்கள். ரெய்டு, கைது, பட்ஜெட், கூட்டணி முறிவு என்றால் சன் நியூஸ் பத்து நிமிடம், நியூஸ் ஜெ பத்து நிமிடம். இரண்டிலும் ஒரே மாதிரி வந்த விவரத்தை அநேகமாக நம்பலாம், ஒன்றில் மட்டும் வந்ததை மறுநாள் பேப்பரில் தேடலாம். ராத்திரி எட்டு மணி விவாதங்களை எல்லாச் சேனலிலும் அணைத்துவிடுங்கள், அதனால் எந்தத் தகவலும் உங்களைவிட்டுப் போகாது.

எதற்குமே காசு ஒதுக்க முடியாது என்றால் ஊர் நூலகம் இருக்கிறது. அங்கே மேசையில் நாலைந்து பேப்பர் கிடக்கும், காலையில் பெரியவர்கள் பங்கு போட்டுக்கொண்டு படிப்பார்கள். பத்து மணிக்கு மேல் போனால் எல்லாம் நம் கைக்கு வரும், ஒரே செய்தி தந்தியில் எந்தப் பக்கம், தினமலரில் எந்தப் பக்கம், தீக்கதிரில் எந்தப் பக்கம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வீட்டில் ஒரு பேப்பர் வாங்குகிறவருக்கு இந்த வசதி கிடையாது.

சந்தா கட்டுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பணம் கட்டும்போது தானாகப் புதுப்பிக்கும் வசதியை எடுத்துவிடுங்கள். வருடம் முடிந்து அவர்கள் போன் செய்து கேட்கும்போது, போன வருடம் எந்த விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று பேர் சொல்லிக் கேளுங்கள், பதில் வந்த பிறகு புதுப்பிக்கலாம்.